சித்திக்கு ஓர் இடக்கைக் கத்தி

கத்தி செய்கிறேன் என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் உடனே ஓர் உலை எரியத் தொடங்கிவிடுகிறது. துருத்தி, சம்மட்டி, தெறிக்கும் தீப்பொறி. தென்காசியில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். அங்கே இருப்பவை ஒரு பழைய மேசை, அதில் முடுக்கிய, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், சில அரங்கள், ஒரு பெட்டி சாக்பீஸ். சம்மட்டியும் இருக்கிறது, காற்றில் மாடிக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்க உதவுகிறது.

இரும்பைக் காய்ச்சி அடித்து வடிவுக்குக் கொண்டுவருவது ஒரு வழி. தகட்டை எடுத்து வேண்டாததை அராவித் தள்ளுவது இன்னொரு வழி. இரண்டாவதைச் சோம்பேறிகளின் குறுக்குவழி என்பவர்கள் உண்டு. அவர்கள் ஒரு மாலைப்பொழுது அரம் பிடித்துப் பார்த்தால் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். அமெரிக்காவில் இந்த முறைக்கு மரியாதை தேடித் தந்தவர் பாப் லவ்லெஸ். 1953இல் கப்பலில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், நியூயார்க் கடை ஒன்றில் அப்போது பெயர்பெற்ற கைவினைக் கத்தியான ராண்டல் கத்தியைக் கேட்டிருக்கிறார். 9 மாதம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக் கிடங்கில் கிடந்த 1937ஆம் ஆண்டு பேக்கார்டு காரின் ஸ்பிரிங்கை எடுத்து, கப்பல் சமையலறை அடுப்பிலேயே காய்ச்சி, தன் முதல் கத்தியைத் தானே செய்துகொண்டார். ஆனால் பின்னாளில் அவர் பெயர் நிலைத்தது தகட்டைத் தேய்த்துச் செய்த கத்திகளால்தான். கத்தி செய்ய ஆசைப்பட்டு உலைக்கு இடமில்லையே என்று தயங்கும் யாருக்கும் நான் முதலில் சொல்லும் கதை இது.

கடையில் 150 ரூபாய்க்குக் கத்தி கிடைக்கிறதே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பெரும்பாலான வீடுகளுக்கு அந்த 150 ரூபாய்க் கத்தி போதும். என் சித்திக்குப் போதவில்லை.

சித்திக்கு இடக்கைப் பழக்கம். எழுதும் கையைச் சிறுவயதில் அடித்து மாற்றிவிட்டார்கள். வெட்டும் கையை மாற்ற முடியவில்லை. முழங்கால் நன்றாக இருந்தவரை அவருக்கு இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. அரிவாள்மனையில் இரும்பு நிற்கிறது, காய்தான் நகர்கிறது. பலகையை எந்தக் காலால் மிதித்தாலும், காயை எந்தக் கையால் தள்ளினாலும் வேலை நடக்கும். தரையில் உட்கார முடியாமல் மேடையருகே நின்று கத்தியைப் பிடித்த பிறகுதான் உலகம் வலக்கைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. மலிவான கத்திகள் பலவற்றில், குறிப்பாகப் பல் வைத்தவற்றில், ஒரு பக்கம் மட்டுமே சரிவு தேய்த்திருப்பார்கள். வலக்கையில் பிடித்தால் அந்தச் சரிவு வெளிப்பக்கம் இருக்கும். இடக்கைக்கு மாற்றினால் அது காயின் பக்கம் திரும்பி, கத்தியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். வெட்டிய துண்டு மேலே தடித்தும் கீழே மெலிந்தும் விழும். “எனக்குத்தான் கை கோணல் என்று நினைத்தேன் தம்பி” என்றார் சித்தி. கோணல் கத்தியில் இருந்தது.

முதல் வேலை இரும்பு தேடுவது. நம் ஊரில் கத்தி, அரிவாள் என்றாலே லாரி ஸ்பிரிங் பட்டை என்பார்கள். அரிவாளுக்கு அது அருமையான இரும்பு. அடிவாங்கி அடிவாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்யப்பட்டது. திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு இருக்கும் பெயர் சும்மா வந்ததல்ல. ஆனால் சமையலறைக் கத்திக்கு எனக்குத் தேவைப்பட்டது இரண்டரை மில்லிமீட்டர் தடிமன். லாரிப் பட்டையோ அதைப்போல மூன்று நான்கு மடங்கு. அதை அரத்தால் தேய்த்து மெலிய வைக்க வேண்டுமென்றால் என் பேரன்தான் கத்தியை முடிக்க வேண்டியிருக்கும்.

செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே கழித்துப் போடும் வட்ட ரம்பம் வீட்டில் கத்தி செய்பவனுக்குப் பெரிய வரம். ஒரே தகட்டில் பல் வெட்டிய பழைய வகை ரம்பமாகப் பார்த்து எடுக்க வேண்டும். பல்லை மட்டும் தனியாகப் பற்றவைத்த புதுவகை ரம்பங்களில் உடல் என்ன இரும்பு என்று நம்பிச் சொல்ல முடியாது. பழைய ரம்பத் தகட்டில் கரியின் (கார்பன்) பங்கு ஏறத்தாழ 0.7 முதல் 0.8 சதவீதம் இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும் அளவுதான். கட்டடக் கம்பியில் இருப்பது 0.2 முதல் 0.3 சதவீதம், அதைச் செக்கச் செவேலென்று காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. அந்த அரை சதவீத வித்தியாசத்தில்தான் கத்தி இருக்கிறது.

யார் என்ன சொன்னாலும், கிடைத்த இரும்பைச் சோதிக்காமல் வேலை தொடங்கக் கூடாது. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி ஆறவிட்டு, வைஸில் பாதி வெளியே நீட்டியபடி முடுக்கி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டின் மேல் ஒரு சாக்குத் துணியைப் போட்டபடி. வளைந்தால் அந்த இரும்பைப் பழைய இரும்புக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். ‘டக்’ என்று ஒடிந்தால் ஒடிந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கற்கண்டு போல மினுங்கினால் அளவுக்கு மீறிக் காய்ச்சியிருக்கிறோம் என்று பொருள். மினுக்கம் இல்லாமல், சாம்பல் நிறத்தில் மழமழவென்று இருந்தால் இரும்பும் நல்லது, சூடும் சரி.

அடுத்தது வடிவம். சித்தி வீட்டுக்கு அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் வெட்டுவதைப் பார்த்தேன். முனையைப் பலகையில் ஊன்றி ஆட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. கத்தியை நேராக இறக்கி முன்னால் தள்ளுகிறார். ஆகவே கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, ஏறத்தாழ நேர்கோடாக இருந்தால் போதும், வயிறு புடைத்த வடிவம் வேண்டாம். மேடை உயரம் அதிகம் என்பதால் விரல் மூட்டுகள் பலகையில் இடிக்காத அளவுக்குக் கத்தி அகலமாக இருக்க வேண்டும். அட்டையில் வெட்டிய கத்தியை அவர் கையில் கொடுத்துக் கற்பனைக் கத்தரிக்காயை வெட்டச் சொன்னேன்.

“எனக்கு எழுபது வயது ஆகிறது, என்னை வைத்து விளையாடுகிறாயா?”

“இரண்டு நிமிடம் சித்தி. பிடி எங்கே உறுத்துகிறது என்று மட்டும் சொல்லுங்கள்.”

“அட்டை எங்கேயடா உறுத்தும்?”

உறுத்தாதுதான். ஆனால் அவர் விரல்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ள முடிந்தது. வாய் ஆறு அங்குலம், பிடி நாலரை என்று முடிவாயிற்று. (சட்டம் பற்றிக் கேட்கிறவர்களுக்காக: ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்குமான கத்திகள் அதில் அடங்கா. சமையலறைக் கத்தி செய்ய யாரும் அஞ்ச வேண்டியதில்லை.)

ரம்பத் தகடு ஏற்கெனவே விறைப்பேற்றப்பட்டது. அப்படியே அராவினால் அரம் மழுங்கிப்போகும். ஆகவே வடிவத்தை ஆங்கிள் கிரைண்டரால் வெட்டி எடுத்த பின், சிவக்கக் காய்ச்சி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து இரவு முழுக்க மெல்ல ஆறவிட்டேன். காலையில் எடுத்தால் இரும்பு சாதுவாகிவிட்டிருக்கும்.

இனி அரம். வாய் வரப்போகும் விளிம்பு முழுக்க மார்க்கர் மை பூசி, நடுவில் இரண்டு கோடுகள் கீற வேண்டும். இரண்டுக்கும் இடையே முக்கால் மில்லிமீட்டர். இந்தப் பக்கத்தை ஒரு கோடு வரை, அந்தப் பக்கத்தை மறு கோடு வரை அராவ வேண்டும். கோட்டைத் தாண்டினால் வாய் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அரம் முன்னால் போகும்போதுதான் வெட்டும். பின்னால் இழுக்கும்போது தூக்கிவிட வேண்டும், தேய்த்துக்கொண்டே இழுத்தால் அதன் பல் போய்விடும். அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளாது. அடைத்த ஒரு துணுக்கு போதும், கத்தியின் முகத்தில் ஆழமான கீறலை இழுத்துவிட. அந்தக் கீறலை எடுக்க மறுபடி அரை மணி நேரம். சரியாக வெட்டும் அரத்தின் ஓசை வேறு, வழுக்கும் அரத்தின் ஓசை வேறு. சில நாளில் கண்ணைவிடக் காதுதான் வேலையை நடத்துகிறது.

சித்தியின் கத்தியில் இரண்டு பக்கச் சரிவும் ஒன்றல்ல. அவர் கையில் இடப்பக்கம்தான் வெட்டிய துண்டு விழும் பக்கம். அந்த முகத்தை முதுகிலிருந்து வாய் வரை லேசாகப் புடைத்தபடி இறக்கினேன். துண்டு ஒட்டாமல் பிரிந்து விழும். காயைப் பார்த்த வலது முகத்தைக் கிட்டத்தட்டத் தட்டையாக விட்டேன். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பல்ல. வலக்கைக்காரர்களுக்கு நல்ல கத்தி செய்பவர்கள் செய்வதைக் கண்ணாடியில் பார்த்துச் செய்தேன், அவ்வளவே. பல மாலைகள் இதில் போயின. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. அராவுதல் என்பது அராவுதல்தான். பிடிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். இரும்பு கடினப்பட்ட பின் துளைக் கம்பிதான் உடையும்.

பதம் போடுவதற்கு, அதாவது காய்ச்சிக் குளிர்வித்து இரும்பைக் கடினமாக்குவதற்கு, வருகிறேன். ஊர்ப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சிவந்த அரிவாளின் வாயை மட்டும் நீரில் நனைத்து எடுப்பார்கள். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி வரும். இரும்பின் மேல் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று நிறம் ஓடுவதைப் பார்த்து, வேண்டிய நிறம் வாய்க்கு வந்த கணத்தில் முழுதாக முக்கிவிடுவார்கள். விறைப்பேற்றுவதும் விறைப்பைத் தணிப்பதும் ஒரே காய்ச்சலில் முடிந்துவிடும். வெப்பமானி கிடையாது, கடிகாரம் கிடையாது. அந்தக் கண் எனக்கு இல்லை. அது வர ஆயுள் வேண்டும். நான் இரண்டையும் தனித்தனியாகச் செய்பவன்.

மண் பூசிய பழைய இரும்பு வாளி அடுப்பு, சிரட்டைக்கரி, அடியில் ஒரு குழாய், குழாயில் ஹேர் டிரையர். சிரட்டைக்கரி தரும் சூட்டைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. காற்றைக் கூட்டினால் இரும்பை எரித்தே விடும். வேலையை இருட்டத் தொடங்கும் நேரத்தில்தான் வைத்துக்கொள்வேன். வெயிலில் இரும்பின் நிறம் ஏமாற்றும். நண்பகலில் மங்கலாகத் தெரியும் சிவப்பு உண்மையில் எல்லை மீறிய சூடாக இருக்கும். அதோடு ஒரு காந்தம். இரும்பு 770 டிகிரி செல்சியஸில் காந்தத்துக்கு மசிவதை நிறுத்திவிடும். கம்பியில் கட்டிய காந்தத்தைக் கத்தியருகே கொண்டுபோனால், அதுவரை ‘சட்’டென்று இழுத்தது, அந்தக் கணத்தில் ஏதோ தெரியாதவரைப் பார்ப்பது போல் சும்மா இருக்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம், 800 தாண்டும் வரை, நிறம் ஒரு படி வெளுக்கும் வரை. முதலில் இப்படி மூன்று முறை காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிடுவேன். முந்தைய சூட்டில் இரும்புக்குள் பெரிதாக வளர்ந்த படிக மணிகள் இதில் நுண்மையாகும். நான்காவது முறைதான் எண்ணெய்.

எண்ணெய் என்றால் கடலை எண்ணெய். உயரமான இரும்பு டின்னில், 50, 60 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றியது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருந்து கத்தியைச் சுற்றி மெதுவாக ஓடும். வெதுவெதுப்பான எண்ணெய்தான் சூட்டை வேகமாக உறிஞ்சும். பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது, டின்னுக்கு மூடி பக்கத்தில் இருக்க வேண்டும். கத்தி இறங்கும்போது மேலே நெருப்பு பற்றும், மூடியால் அணைக்க வேண்டும், தண்ணீரால் அல்ல. முனை முதலில், நேராக, ஒரே மூச்சில் இறக்கி, வெட்டும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பக்கவாட்டில் அசைத்தால் ஒரு முகம் மட்டும் முந்திக் குளிர்ந்து கத்தி வளையும். தண்ணீரில் முக்கினால் என்ன? இவ்வளவு மெல்லிய, இவ்வளவு கரியுள்ள தகடு ‘டிங்’ என்று ஒரு சத்தம் கொடுக்கும். விரிசல் விழுந்தாகிவிட்டது, பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

சில நொடிகளில் நடப்பதுதான் அத்தனை வேலைக்கும் காரணம். சூட்டில் இரும்பின் அணு அடுக்குக்குள் கரைந்து திரிந்த கரி, குளிர்ச்சி திடீரென்று தாக்கியதும் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. அடுக்கு திரிந்து இறுகிப்போகிறது. ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் நினைவாக இதற்கு மார்ட்டென்சைட் என்று பெயர். நமக்குத் தெரிய வேண்டியது: நேற்று வரை கத்தியைத் தின்ற அதே அரம் இன்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போகிறது. கேட்கவே காத்திருந்த ஓசை அது.

இந்த நிலையில் கத்தி கீழே விழுந்தால் உடையும். ஆகவே விறைப்பைத் தணிக்க, தாமதிக்காமல் கேக் சுடும் ஓடிஜி மின்அடுப்பில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம். அடுப்பின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே தனியாக ஒரு வெப்பமானி வைக்க வேண்டும். தட்டில் மணல் பரப்பி அதில் கத்தியைப் படுக்கவைத்தால் சூடு ஏறி இறங்காது. வெளியே வரும்போது இளம் வைக்கோல் நிறம். சோப்புப் போட்டு எண்ணெயைக் கழுவாமல் வைத்தால் அடுத்த கேக்கில் கடலை எண்ணெய்ப் புகை மணக்கும் என்பதை என் மனைவி எனக்கு மிகத் தெளிவாக விளக்கியிருக்கிறார்.

கத்தி என்று சொன்னவுடன் “டமாஸ்கஸ் வரி போடுவீர்களா?” என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். அலையலையாக வரி ஓடும் அந்தப் பழைய வாள்களின் மூல இரும்பு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசை என்னும் மண்குடுவையில் உருக்கியது. தமிழ்நாட்டின் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் அந்த வேலைக்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 1820 வாக்கில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே கூட, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து அதன் ரகசியத்தைத் துழாவினார். வரி எப்படி விழுகிறது என்பதில் தெளிவு வந்தது 1990களில்தான்; ஜான் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் ஆல் பென்ட்ரே என்ற கொல்லரும், இரும்பில் இம்மியளவு கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களே காரணம் என்று காட்டினார்கள். இன்று அந்தப் பெயரில் சந்தையில் விற்பதோ, பெரும்பாலும் இரண்டு வகை இரும்பை அடுக்கி ஒட்டி அமிலத்தில் நனைத்தது. அழகுதான். வெண்டைக்காய்க்கு அது தெரியாது.

வெண்டைக்காய்க்குத் தெரிவது ஒன்றே ஒன்று: வாய்க்குப் பின்னால் இரும்பு எவ்வளவு தடிமன் என்பது. எவ்வளவு கூர் தீட்டினாலும், கூருக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே தடித்திருந்தால் கேரட் வெட்டுப்படாது, பிளக்கும். கடைக் கத்திகள் பல அங்கேதான் தோற்கின்றன. உடைந்துவிட்டது என்று யாரும் திருப்பிக்கொண்டு வரக் கூடாதே என்று தடிமனாக விட்டுவிடுகிறார்கள். ஆகவே பதம் போட்ட பின் மிச்ச வேலை முழுக்க மெலிய வைப்பதுதான். தட்டையான கட்டையில் வாட்டர் பேப்பரைச் சுற்றி, தண்ணீர் விட்டுவிட்டு, முக்கால் மில்லிமீட்டரைக் கால் மில்லிமீட்டருக்குக் கொண்டுவர வேண்டும். எந்திரத்தில் தேய்த்தால் விரலால் தொட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். சூடேறி நீலம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் அரிவாள்மனையைத் தாராளமாகக் கொடுக்கலாம். இந்த மாதிரி மெல்லிய கத்தியை அந்த உலர்ந்த சக்கரத்தில் காட்டச் சொல்ல மாட்டேன்.

பிடிக்குப் பூவரசு. வைரம் பாய்ந்த நடுக்கட்டை, செம்பழுப்பு நிறம், ஈரத்துக்கு எளிதில் மசியாது. இரண்டு பக்கமும் கட்டையை அரால்டைட்டால் ஒட்டி, பித்தளைக் கம்பியை ஆணியாக இறக்கி, ஒரு நாள் முழுக்கக் கிளாம்பில் விட்டேன். இடது உள்ளங்கையின் குழிக்குள் உட்காரும்படி ஒரு பக்கம் மட்டும் சற்றே புடைப்பு. நான் வலக்கைக்காரன்; என் கையில் அந்தப் பிடி உறுத்தியது. உறுத்த வேண்டும்.

தீட்டுவது பற்றிச் சுருக்கமாக: பக்கத்துக்கு 15 டிகிரி, ஒரே முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுமுகத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் பிசிறு எழும், எழுந்தால் முகம் மாற்ற வேண்டும், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் இழுத்துப் பிசிறை நீக்க வேண்டும். நாளிதழை வெட்டிக் காட்டுவதெல்லாம் வேடிக்கைக்கு. கனிந்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல், தன் எடையிலேயே இழுத்தால் தோலைப் பிடிக்க வேண்டும்.

கொடுத்த மறுவாரமே சித்தி தொலைபேசியில் அழைத்தார்.

“வாழைக்காய் நறுக்கினேன், கத்தி கறுத்துவிட்டது. கெட்டுப்போயிற்றா?”

“இல்லை சித்தி. வாழைக்காயின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அது நல்லதுதான். சிவப்பாக வந்தால் மட்டும் துரு. கழுவியதும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.”

“பார்க்க அசிங்கமாக இருக்கிறதே.”

“துண்டு நேராக விழுகிறதா?”

“அது விழுகிறது.”

அதற்குப் பிறகு நான் போனபோது கத்தியின் அடிப்பக்கம், பிடியருகே, வாயில் அரிசி அளவுக்கு ஒரு பொக்கை. எலும்பா, தேங்காய்ச் சிரட்டையா என்று கேட்டேன். கருப்பட்டியாம். கால் மில்லிமீட்டர் வாயால் கருப்பட்டியை உடைக்கக் கூடாது என்று நான் விளக்கத் தொடங்கியதும் குறுக்கே வந்தார்: “கருப்பட்டிக்கு உதவாத கத்தியை வைத்து நான் என்ன செய்ய?”

அவருக்காகச் செய்த கத்தி. அவர் சொல்வதுதான் கணக்கு. கல்லில் தேய்த்துப் பொக்கையை எடுத்தேன். பிடியருகே இரண்டு அங்குலத்துக்கு மட்டும் கோணத்தைப் பக்கத்துக்கு 15இலிருந்து 25 டிகிரியாக்கினேன், முன்பகுதியைத் தொடவில்லை. முன்னால் வெண்டைக்காய், பின்னால் கருப்பட்டி. இதுவரை பொக்கை விழவில்லை.